குடையோடு நடந்த கவுன்சிலர்: நினைவில் இருப்பதை எழுதுங்கள்

படிக்கட்டு214 (ஞாயிறு, இரவு 9.10)

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டின் பழைய கவுன்சிலர் காலமானார். எழுபத்தெட்டு வயது. நீலகிரியில் ஒரு நகராட்சி, அதில் மேட்டுப் பக்கத்து வார்டு. அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. வீட்டாருக்கு அது பிடிக்காது. அப்புறம், இங்கே வரப் போவது எல்லாம் புகழ்ச்சியாகவும் இருக்காது. யார் என்று தெரிந்தால் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் போடாதீர்கள்.

அவர் வீட்டிலிருந்து வண்டி நிற்கும் ரோட்டுக்கு 214 படி. மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. பிரசவ வலியானாலும், கேஸ் சிலிண்டரானாலும், சாவானாலும் தோளில்தான். அன்றைக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். பாதியில் தோள் மாற்ற நின்றோம். பின்னால் வந்த ஒரு பாட்டி படியோரத்து இரும்புக் கைப்பிடியைத் தட்டிக் காட்டி, "இந்தக் கம்பிக்கு எத்தனை தடவை ஆபீசுக்கு நடந்தாரு, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. தொழில் தையல். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னக் கடை. இங்குள்ள போர்டிங் பள்ளிகளுக்குக் கோட் தைப்பார். 1986இல் முதல் முறை நின்று தோற்றார். 1996, 2001 இரண்டிலும் ஜெயித்தார். 2006இல் தோற்று, 2011இல் மறுபடி ஜெயித்தார். எந்தக் கட்சி என்பது வேண்டாம். ஒரு முறை மாறினார், அதை இரண்டு கட்சிக்காரர்களும் மறந்துவிட்டார்கள்.

கடையில் கத்தரிக்கோலுக்கு அடியில் எப்போதும் ஒரு கட்டு மனு இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கோட் கேட்டு வருகிற கூட்டமும், தெருவிளக்கு கேட்டு வருகிற கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். கோட் லேட்டாகத்தான் கிடைக்கும்.

மற்றவர்கள் எழுதுங்கள்.

பழைய பில்கலெக்டர் (ஞாயிறு, இரவு 10.02)

யார் என்று புரிந்துவிட்டது. நான் அந்த ஆபீசில் இருந்தவன்தான், அதனால் நானும் பெயர் சொல்லவில்லை.

அவர் 1986இல் தோற்றதை ஒரு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அன்று ஜெயித்தவர்களின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தல் வந்தது 1996இல். நடுவில் முழுக்க அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்த பிறகுதான் ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் என்று கட்டாயமானது. அந்தப் பத்து வருஷமும் இவர் தோற்ற வேட்பாளராகவே வார்டைச் சுற்றினார். 1996இல் உள்ளே வந்தபோது எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று எங்கள் ஆபீஸ் பதிவேட்டை விட அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தடுப்புச்சுவர் வேலை. எஸ்டிமேட்டில் ஒரு உயரம், பில்லில் அதே உயரம், ஓவர்சியர் கையெழுத்தும் இருக்கிறது. மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் இவர் போய் அளந்திருக்கிறார். எதால்? கழுத்தில் தொங்கும் தையல் டேப்பால். அது 60 அங்குலம்தான். சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, கோட்டிலிருந்து மறுபடி டேப் வைத்து, ஏணி மேல் ஏறி அளந்து வந்திருக்கிறார். கூட்டத்தில் எழுந்து, "தலைவர் அவர்களே, சுவரு நாலு அடி சுருங்கிப் போச்சு. துணின்னா தண்ணியில போட்டா சுருங்கும், கல்லு சுருங்கி நான் பார்த்ததில்ல" என்றார். எதிர்க்கட்சி வரிசைகூட மேசையைத் தட்டியது. பில் திரும்பிப் போனது.

அப்படிப் பேச முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1996லும் 2001லும் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் பதவிக்கு கவுன்சிலர் ஓட்டு தேவையில்லை, அதனால் கவுன்சிலருக்கும் கடன் இல்லை. 2006இல் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை, 2011இல் மறுபடி நேரடி, 2022இல் மறுபடி மறைமுகம். முறை மாறும்போதெல்லாம் கூட்டத்தின் குரலே மாறும். வெளியில் இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

லைன்வீட்டுப் பையன் (ஞாயிறு, இரவு 10.20)

தப்பாக நினைக்க வேண்டாம். எம்.எல்.ஏ. இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார். கவுன்சிலருக்கு அப்படி என்ன வேலை? சீரியசாகத்தான் கேட்கிறேன். எனக்கு ஓட்டு வந்ததே 2019இல்.

பழைய பில்கலெக்டர் (ஞாயிறு, இரவு 10.41)

தம்பி, நியாயமான கேள்வி. நீங்கள் வயசுக்கு வந்த காலத்தில் கவுன்சிலர் என்ற ஆளே இல்லை. 2016 அக்டோபரில் மன்றக் காலம் முடிந்தது. புதியவர்கள் பதவி ஏற்றது 2022 மார்ச் 2. ஐந்து வருஷம் நாலு மாசம். ஒரு முழு மன்றக் காலமே காணாமல் போயிற்று.

2022 தேர்தலில் நீலகிரியில் உதகமண்டலம் 36, குன்னூர் 30, கூடலூர் 21, நெல்லியாளம் 21 என்று நகராட்சி வார்டுகள் மட்டும் 108. பதினொரு பேரூராட்சிகள் வேறு. உதகையும் குன்னூரும் 1866இலேயே நகராட்சி ஆனவை. ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களுக்கும் அவர்கள் கடைவீதிக்கும் தண்ணீரும் சாக்கடையும் பார்க்க வந்த அமைப்பு அது. வேலை இன்றைக்கும் அதேதான்: தண்ணீர், சாக்கடை, விளக்கு, குப்பை, படி, சுவர். எம்.எல்.ஏ. தெருவிளக்குக்கு வர மாட்டார், கலெக்டருக்கு உங்கள் வீட்டு வால்வு எங்கே என்று தெரியாது.

படிக்கட்டு214 (ஞாயிறு, இரவு 11.05)

அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். பதவி போன பிறகும் அவர் ஆபீசுக்குப் போவதை நிறுத்தவில்லை. காலையில் கடையைத் திறந்து, பத்தரைக்குப் பையனிடம் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். முன்பு உள்ளே போய் உட்கார்ந்த அறைக்கு வெளியே வராந்தாவில் நிற்பார். புதிதாக வந்த ஒரு ஊழியர் "நீங்க யாரு?" என்று கேட்டதற்கு "டெய்லருங்க" என்று சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

குடை மழைக்கு மட்டுமில்லை. காட்டுமாடு படியில் நின்றால் தட்டி ஓசை எழுப்ப, சுவரில் விரிசலைக் குத்திப் பார்க்க, ஓவர்சியரிடம் இடத்தைச் சுட்டிக் காட்ட என்று எல்லாவற்றுக்கும் அதே குடைதான். துணி மூன்று முறையாவது மாறியிருக்கும். கம்பி மட்டும் பழையது.

சரிவுக்காரன் (திங்கள், காலை 6.50)

எல்லோரும் எழுதுகிறீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீடும் அதே வார்டுதான். கீழ்ப் பக்கம், ஓடை ஓரம்.

அப்பா தேயிலைத் தோட்ட வேலையை விட்டு டவுனுக்கு வந்தபோது வாடகை கொடுக்க வழியில்லை. ஓடை ஓரத்தில் தகரம் போட்டுத் தங்கினார். 1998 வாக்கில் இந்தக் கவுன்சிலர்தான் லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார், "மேற்படியார் இவ்விடத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறார்" என்று. அந்தக் கடிதத்தை வைத்து வீட்டு வரி, வரி ரசீதை வைத்துக் கரண்டு, கரண்டு வந்ததும் தகரம் போய்ச் சுவர் வந்தது. எங்கள் ஒரு வீடு மட்டுமில்லை, ஒரு வரிசையே வந்தது. அந்த வரிசையின் ஓட்டும் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2009 நவம்பர் யாருக்கும் மறந்திருக்காது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். எங்கள் வரிசையில் உயிர் போகவில்லை. எங்கள் சமையலறை போனது. அம்மா ஐந்து நிமிஷம் முன்னால் விறகெடுக்க எழுந்து வந்திருந்தார்.

ஓடை என்று அவருக்குத் தெரியும். ஊரில் ஒவ்வொரு குழாயும் தெரிந்தவர் என்று எழுதுகிறீர்களே, ஓடை தெரியாமலா இருக்கும்?

இதையும் சொல்ல வேண்டும்: அன்று ராத்திரி முதலில் வந்தவர் அவர்தான். பதவியில்கூட இல்லை. குடை காற்றில் பிய்ந்துவிட்டது, நனைந்துகொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டி எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அதனால் கோபம் போய்விடுமா என்றால், போகவில்லை.

கோடைக்குறிஞ்சி (திங்கள், காலை 9.15)

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். சரிவுக்காரன் அண்ணா எழுதியதைப் படித்து விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில் ஏழு மாடி ஓட்டல் விவகாரம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மலை ஊரில் அனுமதித்ததற்கு மேல் மாடி மாடியாக எழுப்பினார்கள், அதற்கு அரசே விலக்கு கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1995இல் உச்ச நீதிமன்றம் கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்னது. பிறகு அது முன்னாள் முதல்வர் மேல் ஊழல் வழக்காகி, 2000இல் தண்டனை, 2001இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று போனது தனிக் கதை. கவுன்சிலர் லெட்டர் பேடில் ஓடை ஓர வீடு வருகிறது, கோட்டையில் அரசாணையில் ஓட்டல் மாடி வருகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஓட்டலுக்குப் போட்டவர்களுக்கு வேறு இடம் இருந்தது, அண்ணாவின் அப்பாவுக்கு இல்லை.

ஆனால் இதை வைத்து சின்னத் தவறை மன்னிக்கும் பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. மழைக்கு ஏழை வீடு, பணக்கார வீடு தெரியாது என்பார்கள். நன்றாகத் தெரியும். ஏழை வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் விழுகிறது.

பழைய பில்கலெக்டர் (திங்கள், காலை 11.30)

வரி ரசீது பற்றி ஒரு விளக்கம். இது அவருக்கு வக்காலத்து இல்லை.

வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கட்டடம் இருக்கிறது, அதற்கு வரி வாங்கினோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஜனங்களுக்கு அதுதான் பட்டா மாதிரி. பெட்டியில் துணி மடிப்புக்கு நடுவில் வைத்திருப்பார்கள்.

மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990இல் வந்தது. மலை ஊர்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் 1993இல். உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது. சரிவு, மண் வகை, ஓடையிலிருந்து தூரம் எல்லாம் பார்க்க வேண்டும். நல்ல விதிகள், தேவையானவை. ஆனால் விதிப்படி வீடு கட்ட முதலில் பட்டா இடம் வேண்டும், அப்புறம் பிளான் போட இன்ஜினியர், அப்புறம் பல துறைகளின் தடையின்மைச் சான்று. கூலிக்காரர் எந்தக் காலத்தில் அதை முடிப்பது? விதி வந்த பிறகு சட்டப்படி கட்டிய வீட்டை விட, விதிக்கு வெளியே கட்டிய வீடுகள்தான் அதிகம் என்று எங்கள் பிரிவில் அப்போதே பேசிக்கொள்வோம். விதி போட்டவர்கள் கூலிக்காரர் எங்கே குடியிருப்பது என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் கவுன்சிலர் லெட்டர் பேடுக்கு வேலை இருந்திருக்காது.

சரிவுக்காரன் கேட்டதற்கு என் பதில்: ஆமாம், அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். வரி போட்டது நான்.

கூடலூர்மழை (திங்கள், மதியம் 2.08)

பில்கலெக்டர் ஐயா கடைசி வரி எழுதியதற்கு ஒரு கும்பிடு.

கூடலூர் பக்கம் எங்கள் கதையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயின. தாத்தா அதில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது?

இங்கே நிலமெல்லாம் முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்மம் நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். 1969 சட்டம் ஜென்ம உரிமையை ஒழித்தது, ஆனால் அதில் பிரிவு 17 என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவில் வரும் நிலம் யாருடையது என்று வழக்கு நடந்து நடந்து, அதன்மேல் குடியிருப்பவர்களுக்குப் பட்டாவும் கிடைக்கவில்லை, கரண்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் "பிரிவு 17" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் நிறைய.

அதனால் உங்கள் கவுன்சிலர் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று படித்ததும், எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, பொறாமை. இரண்டாவது முறை படித்தபோதுதான் சமையலறை கண்ணில் பட்டது.

கீழ்த்தெரு (திங்கள், மாலை 6.25)

தண்ணி விஷயத்தை யாரும் எழுதவில்லையே! எங்கள் தெருவுக்கு வாரம் ஒருநாள் வந்துகொண்டிருந்த தண்ணீரைக் குறைத்ததே அவர்தான். மேட்டுப் பக்கத்துக்காரர் மேட்டுப் பக்கத்துக்கே பார்த்தார். நான் அவருக்கு ஓட்டுப் போட்டதே இல்லை, இப்போதும் போட மாட்டேன்.

படிக்கட்டு214 (திங்கள், மாலை 7.12)

இப்போது போடவும் முடியாது அண்ணே :)

ஆனால் இதற்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். நம் ஊர்களில் தொட்டியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் பெரும்பாலும் இறக்கத்திலேயே ஓடி வருவது.   மேலே தொட்டியில் நிரப்பித் திறந்துவிட்டால், முதலில் நிறைவது கீழே இருக்கிற வீட்டுத் தொட்டிதான். கீழே எல்லோரும் நிரப்பி முடிக்கும்வரை மேட்டு வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். "புஸ்" என்ற சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். தண்ணி திறந்துவிடுபவரோடு இவர் ஆறு மாசம் விடியற்காலையில் நடந்து, எந்த வால்வை எத்தனை சுற்று மூடினால் மேட்டுக்கு அழுத்தம் வரும் என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தார். உங்கள் தெருவில் குறைந்தது நிஜம். உங்கள் தெருவில் வழிந்து சாக்கடையில் ஓடியது நின்றதும் நிஜம்.

கீழ்த்தெரு (திங்கள், மாலை 7.30)

வழிந்தது ரெண்டு வீட்டில். குறைந்தது இருபது வீட்டில்.

படிக்கட்டு214 (திங்கள், மாலை 7.34)

சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நெறியாளர் (திங்கள், இரவு 8.00)

கட்சிச் சண்டையாகப் போன நாலு பதிவுகளை எடுத்துவிட்டேன். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் பற்றிய வாக்குவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. எத்தனை வண்டி போதும் என்பதை அங்கே போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கோடைக்குறிஞ்சி (திங்கள், இரவு 8.40)

ஒரு கேள்வி. 2022இல் அவர் ஏன் நிற்கவில்லை?

படிக்கட்டு214 (திங்கள், இரவு 9.20)

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் 2016லேயே வந்திருந்தாலும் நகராட்சிகளில் முதலில் அமலானது அந்தத் தேர்தலில்தான். இவர் மருமகளை நிறுத்தப் பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். போஸ்டருக்கு போட்டோகூட எடுத்தாயிற்று. மருமகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாமா, நான் ஜெயிச்சா நீங்கதான் கவுன்சிலர். அதுக்கு நான் எதுக்கு?" அவர் பள்ளியில் வேலை பார்ப்பவர், தைரியசாலி.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம் பெரியவர். அப்புறம் அதே மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றாராம். கட்சி வேறு ஒரு அக்காவுக்கு சீட்டுக் கொடுத்தது. பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு. அதற்கு முந்தின இரண்டு வாரமும் உறைபனி. புல் வெள்ளையாகக் கிடக்கிற காலை ஆறரைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு இவர் அந்த அக்காவுக்கு ஓட்டுக் கேட்டுப் போனதை நான் பார்த்தேன்.

லைன்வீட்டுப் பையன் (திங்கள், இரவு 9.31)

மருமகள் அக்கா வேற லெவல். அவங்க நின்றிருந்தால் நானே ஓட்டுப் போட்டிருப்பேன்.

வார்டுஅக்கா (செவ்வாய், இரவு 10.15)

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான்தான் அந்த "வேறு ஒரு அக்கா".

ஜெயித்த அடுத்த நாள் காலை கதவைத் தட்டினார். மாலை போட வந்தாரென்று நினைத்தேன். "செருப்ப மாத்தும்மா, ஷூ போடு, நடக்கணும்" என்றார். மூன்று நாள் நடந்தோம். நோட்டுப் புத்தகம் எதுவும் அவரிடம் இல்லை. குடை முனையால் தரையைத் தட்டி "இங்க ஒரு வால்வு, மண்ணு மூடிருக்கு" என்பார். தோண்டிப் பார்த்தால் இருக்கும். நான் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டே போனேன். இப்போதும் அந்தப் பதிவுகளைத்தான் கேட்கிறேன். நடுநடுவே அவர் மூச்சு வாங்குவதும் கேட்கும்.

பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் 50, 75, 100. மன்றத்தில் தீர்மானம். முதல் முறை ஓட்டுக் கேட்டு ஏறிய படியில் இரண்டாம் முறை திட்டு வாங்க ஏறினேன். அவரிடம் போய் அழுதேன். "திட்டட்டும்மா. உள்ள கூப்புட்டு உக்கார வச்சுத் திட்டுனா உனக்கு ஓட்டு இருக்கு. வாசல்லயே நிக்க வச்சுத் திட்டுனாத்தான் யோசிக்கணும்" என்றார். நிறைய பேர் உட்கார வைத்துத்தான் திட்டினார்கள்.

2022 நவம்பர் 1 அன்று முதலாவது பகுதி சபைக் கூட்டம். சட்டப்படி வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்பது. இருபது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருக்கிறார், இடம் போதவில்லை. கீழ்த்தெரு அண்ணன் அன்றைக்கும் தண்ணீர் பற்றித்தான் பேசினார் என்று நினைக்கிறேன் :)

ஊதியம் என்று 2023 வரை சொல்லும்படி ஒன்றும் இல்லை. அந்த வருஷம் ஜூலையிலிருந்து நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. முதல் மாதம் வாங்கியதும் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "தோள்பட்டை தையல் சரியில்ல" என்று பிரித்து அவரே தைத்துக்கொண்டார்.

சரிவுக்காரன் அண்ணாவுக்கு. இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் நடையில் கடைசியாக உங்கள் ஓடைக்குத்தான் கூட்டிப் போனார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஓடையின் அக்கரையைக் குடையால் காட்டினார். அங்கே அப்போது இரண்டு தகரக் கூரை புதிதாக வந்திருந்தது. "அம்மா, இந்த இடத்துக்கு மட்டும் யாரு வந்து கேட்டாலும் லெட்டர் குடுக்காத. கால்ல விழுவாங்க. குடுக்காத. நான் குடுத்தேன்" என்றார். அதோடு விடவில்லை, "குடுக்கலன்னா மட்டும் போதாது, அவங்களுக்கு வேற எடம் கேட்டு மனு எழுது, வருஷா வருஷம் எழுது" என்றார். இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்திருக்கிறது. இன்னொரு குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் முதல் போன் அவர்களுக்குத்தான் போடுகிறேன்.

சரிவுக்காரன் (செவ்வாய், இரவு 11.48)

அக்கா, எழுதியதற்கு நன்றி.

இதை அவர் எங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் டீ குடித்தார்கள். அப்பா 2020இல் போய்விட்டார்.

பழைய பில்கலெக்டர் (புதன், காலை 7.05)

சரிவுக்காரன், உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். வரி கட்ட வரும்போது சில்லறையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வருவார், ஒரு ரூபாய் கூடக் குறையாது. தனியாக ஒருநாள் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா?

சரிவுக்காரன் (புதன், காலை 7.40)

இருப்பேன் ஐயா. படி இறங்க வேண்டாம், நானே மேலே வருகிறேன்.

கூடலூர்மழை (புதன், காலை 9.02)

படிக்கட்டு214 தம்பி, அந்தக் கைப்பிடிக் கம்பிக்கு எத்தனை தடவை நடந்தார் என்று பாட்டி கேட்டதற்குப் பதில் கிடைத்ததா?

படிக்கட்டு214 (புதன், காலை 9.30)

இல்லைங்க. மருமகளிடம் கேட்டேன். மனு நகல்கள் ஒரு மூட்டை இருக்கிறதாம். எண்ணத் தொடங்கி, நடுவில் யாருடையதோ கோட் அளவுச் சீட்டு நிறைய வந்ததால் விட்டுவிட்டாராம். மனுவுக்குப் பின்பக்கத்திலேயே அளவு எழுதியிருக்கிறார். நெஞ்சு 32, கை 22.

கீழ்த்தெரு (புதன், இரவு 8.15)

வார்டுஅக்கா, இங்கே இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முனை விளக்கு பத்து நாளாக எரியவில்லை. நேற்று ராத்திரி கரடி வந்து போயிருக்கிறது.

வார்டுஅக்கா (புதன், இரவு 8.22)

கம்பத்து நம்பர் சொல்லுங்க அண்ணே. பெயின்ட் அழிந்திருந்தால் எந்த வீட்டுக்கு நேரே என்று சொன்னால் போதும்.